மருத்துவ ஆய்வுகளில் இதய நிகழ்வுகளைப் பரிசீலிக்க ஏஐ மொழி மாடல்கள்: முழுமையான வழிகாட்டி

ஒரு புதிய மருந்து மாரடைப்பைக் குறைக்கிறதா என்று பார்க்கும் ஆய்வில் கடைசியில் எண்ணப்படுவது ஒன்றுதான். அந்த மருந்து எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது, எடுக்காதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது? கேட்கச் சுலபம். ஆனால் ஒரே நோயாளியின் கோப்பைக் கொடுத்து "இது மாரடைப்புதானா?" என்று கேட்டால், இரண்டு நல்ல இதய மருத்துவர்கள் இரண்டு பதில் சொல்லக்கூடும்.

அதனால்தான் பெரிய ஆய்வுகளில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. துறையில் சிஇசி என்பார்கள். யாருக்கு எந்த மருந்து போனது என்று தெரியாத மருத்துவர்கள், ஆஸ்பத்திரிக் காகிதங்களை மட்டும் பார்த்து, முன்கூட்டியே எழுதிவைத்த வரையறைப்படி ஒவ்வொரு நிகழ்வையும் முடிவுசெய்வார்கள். இந்த வேலைக்கு அட்ஜூடிகேஷன் என்று பெயர்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1998-இல் வெளியான பர்சூட் ஆய்வு நல்ல உதாரணம். எப்டிஃபிபடைட் என்ற மருந்தை கிட்டத்தட்ட 11,000 பேரிடம் சோதித்தார்கள். 30 நாளுக்குள் இறப்பு அல்லது மாரடைப்பு வந்தவர்கள், சிஇசி கணக்கில் மருந்துப் பிரிவில் 14.2%, மற்ற பிரிவில் 15.7%. சிகிச்சை கொடுத்த மருத்துவர்களின் கணக்கில் அதே ஆட்கள், அதே 30 நாள்: 8.1%, 10.0%. மருந்து உதவுகிறது என்ற திசை மாறவில்லை. ஆனால் எண்ணிக்கை எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள். சர்க்கரை மருந்தான ரோசிகிளிட்டசோனின் ரெகார்ட் ஆய்விலும் இதே பிரச்சினை வேறு உருவில் வந்தது. கோப்புகளைக் கையாண்ட விதத்தில் 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குள்ளேயே சந்தேகம் எழுந்தது. கடைசியில் நிகழ்வுகளை டியூக் பல்கலைக்கழகக் குழு மறுபடி பரிசீலிக்க வேண்டியதாயிற்று.

இந்த வேலை கடுமையானது. ஒரு கோப்பு ஐம்பது பக்கம் இருக்கும், சிலது முந்நூறு பக்கம். இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். முடிவு ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் வர வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கில் கோப்புகள். மொழி மாடல்களை இங்கே கொண்டுவரும் ஆசை நியாயமானது. நானும் அந்த ஆசையோடு இறங்கியவன்தான். என் அனுபவத்தில் ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது: மாடலிடம் தீர்ப்பைக் கேட்டால் ஏமாறுவோம், சாட்சியத்தைக் கேட்டால் பிழைப்போம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

படி 1: ஒரே ஒரு நிகழ்வு வகையோடு தொடங்குங்கள்

மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, ரத்தக்கசிவு, இறப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். என் பரிந்துரை: இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த நிகழ்வுகளை முதலில் எடுங்கள். அதற்கான ஆதாரம் பெரும்பாலும் எழுத்தில்தான் இருக்கும். மூச்சுத்திணறல், கால் வீக்கம், நுரையீரலில் நீர்ச்சத்தம், எக்ஸ்ரே அறிக்கை, நரம்பு வழியாகப் போட்ட ஃப்ரூசமைட் (உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் மருந்து) எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் தினசரிக் குறிப்பிலும் வந்துவிடும்.

மாரடைப்பு அப்படி இல்லை. ஈசிஜி கோடுகளையும் ஆஞ்சியோகிராம் படத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். எழுத்தைப் படிக்கும் மாடலுக்குக் கிடைப்பது ஈசிஜி மெஷினே தாளின் மேலே அச்சடித்த வாசகம்தான், அது பல நேரம் தப்பாக இருக்கும். இறப்பு எல்லாவற்றையும்விடக் கடினம், அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 2: வரையறையைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடையுங்கள்

குழுவின் சார்ட்டரில், அதாவது விதிமுறை ஆவணத்தில், வரையறை இருக்கும். பெரும்பாலான ஆய்வுகள் 2017-இல் முடிவான, எஃப்டிஏவும் பங்கெடுத்த பொது வரையறைத் தொகுப்பைப் பின்பற்றுகின்றன. மாரடைப்புக்கு 2018-இன் நான்காவது உலகளாவிய வரையறை. இவற்றை அப்படியே மாடலிடம் ஒட்டி "பொருந்துகிறதா?" என்று கேட்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு.

இதயச் செயலிழப்பு வரையறையைப் பிரித்தால் என்ன கிடைக்கும்? குறைந்தது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்தாரா? புதிதாக வந்த அல்லது அதிகமான அறிகுறி ஒன்றாவது உண்டா? உடல் பரிசோதனையில் இரண்டு அடையாளங்கள், அல்லது ஒரு அடையாளமும் ஒரு பரிசோதனை முடிவும் உண்டா? இதயச் செயலிழப்புக்காகவே சிகிச்சை தொடங்கப்பட்டதா, கூட்டப்பட்டதா? சேர்ந்ததற்கு முதன்மைக் காரணம் அதுவா? ஒவ்வொன்றையும் இன்னும் உடைக்கலாம். "சிகிச்சை கூட்டப்பட்டதா" என்பதற்குள் மட்டும், வீட்டில் எடுத்துவந்த டோஸ் என்ன, வார்டில் கொடுத்த டோஸ் என்ன, மாத்திரையா ஊசியா, எத்தனை மணிக்கு என்று நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

இந்த உடைக்கும் வேலையைக் குழுத் தலைவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். இரண்டு நாள் ஆகும். அதில் பாதி நேரம், குழுவுக்குள்ளேயே வரையறையை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துவைத்திருந்தது தெரியவரும். மாடலே வராவிட்டாலும் அந்த இரண்டு நாள் வீண் இல்லை.

படி 3: காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

சலிப்பான படி, ஆனால் பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்தாக மாற்றும்போது தசமப்புள்ளி காணாமல் போகும். இதயத்தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவு 0.04 என்பது 004 ஆகிவிடும். அலகும் முக்கியம். ஒரு லேப் மில்லிலிட்டருக்கு நானோகிராமில் தரும், இன்னொன்று லிட்டருக்கு நானோகிராமில் தரும். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தேதியில் 03/04 என்றால் இந்தியாவில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. எந்த நாட்டு சைட் (ஆய்வு நடக்கும் ஆஸ்பத்திரி) என்ற தகவலை ஒவ்வொரு கோப்போடும் சேர்த்தே அனுப்புங்கள்.

நோயாளியின் அடையாளங்களை நீக்க வேண்டும். நோயாளியின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதியில் நீக்க வேண்டிய 18 வகை அடையாளங்களின் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். தேதிகளை நீக்கும்போது கவனம். முழுக்க அழித்துவிட்டால் இரண்டு ட்ரோபோனின்களுக்கு நடுவே எத்தனை மணி நேரம் என்று தெரியாது. ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே எண்ணிக்கை நாட்கள் தள்ளிவைத்தால் இடைவெளி கெடாது. இந்திய சைட்கள் என்றால் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும், அதே ஆண்டு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட மருத்துவ ஏஐ நெறிமுறைகளையும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்பே படித்துவிடுங்கள். வெளி சர்வருக்கு ஒரு பக்கம் போவதாக இருந்தாலும் ஒப்புதல் படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பிளைண்டிங், அதாவது யாருக்கு எந்த மருந்து போனது என்பதை மறைப்பது. மருந்தின் பெயரை அழித்தால் போதும் என்று நினைப்பார்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மருந்து ஆய்வு என்றால், சிறுநீரில் சர்க்கரை நிறையத் தெரிந்தாலே யார் மருந்து எடுக்கிறார் என்று புலப்பட்டுவிடும். கொழுப்பைக் குறைக்கும் ஊசி ஆய்வு என்றால் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். பரிசீலிக்கும் மருத்துவரிடமிருந்து மறைப்பவற்றை மாடலிடமிருந்தும் மறையுங்கள்.

படி 4: சாட்சியம் எடுக்கும் ப்ராம்ப்ட்

ப்ராம்ப்ட் என்பது மாடலுக்கு நாம் எழுதும் கட்டளை. ஒரு ப்ராம்ப்ட்டுக்கு ஒரு வேலை. உண்மையில் இதைக் காகிதம் இருக்கும் மொழியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுவோம். புரிவதற்காக இங்கே தமிழில்:

"கீழே உள்ள பக்கங்களிலிருந்து ட்ரோபோனின் முடிவுகளை மட்டும் எடு. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் எடுத்த தேதி, நேரம், அளவு, அலகு, அந்த லேப் குறிப்பிடும் மேல் வரம்பு, பக்க எண், காகிதத்தில் உள்ள வரி அப்படியே. காகிதத்தில் இல்லாததை நிரப்பாதே, 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுது. நோய் என்ன என்று சொல்லாதே."

இதில் மூன்று விஷயம் உயிர்நாடி. முதலாவது, வரியை அப்படியே கேட்பது. மாடல் கொடுத்த வரி அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு சின்ன ப்ரோகிராம் தேடிப் பார்த்துவிடும். இல்லையென்றால் அந்தப் பதில் செல்லாது. மாடல் இட்டுக்கட்டுவதைப் பிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. இரண்டாவது, "உண்டு", "இல்லை", "குறிப்பிடப்படவில்லை" என்று மூன்று பதில்கள். "கால் வீக்கம் இல்லை" என்று டாக்டர் எழுதியிருப்பதும், கால் வீக்கத்தைப் பற்றி யாருமே எழுதாததும் ஒன்றல்ல. பின்னது என்றால் சைட்டுக்குக் கடிதம் போட்டுக் கேட்கலாம். மூன்றாவது, தீர்ப்பைக் கேட்காதது.

பழைய நோயையும் புதிய நோயையும் பிரிப்பது தனிக் கலை. இந்திய டிஸ்சார்ஜ் சம்மரிகளில் "கே/சி/ஓ சிஏடி, ஓல்டு ஐடபிள்யூஎம்ஐ" என்று முதல் வரியிலேயே இருக்கும். முன்பே அறிந்த இதய ரத்தக்குழாய் நோய், பழைய மாரடைப்பு என்று அர்த்தம். அந்தச் சுருக்கம் பழக்கமில்லாத மாடல் இதைப் புது மாரடைப்பாக எடுத்துக்கொள்ளும். உங்கள் சைட்களில் புழங்கும் சுருக்கெழுத்துகளை எல்லாம் திரட்டி ஒரு அகராதி செய்து ப்ராம்ப்ட்டில் வையுங்கள்.

படி 5: விதியைக் கணினிக் குறியீடு பார்க்கட்டும்

சாட்சியம் அட்டவணையாக வந்தபின், "மேல் வரம்பைத் தாண்டியதா", "24 மணி நேரம் ஆனதா" என்பதெல்லாம் வெறும் கணக்கு. கணக்கை மொழி மாடலிடம் கொடுக்கத் தேவையில்லை. பத்து வரிக் குறியீடு போதும். ஒவ்வொரு முறையும் ஒரே விடை தரும், ஏன் அந்த விடை என்று யாருக்கும் காட்டலாம்.

ஒரு கோப்பைக் கிட்டத்தில் பார்ப்போம்

பயிற்சிக்காக நான் உருவாக்கி வைத்திருக்கும் கோப்பு இது, உண்மை நோயாளி இல்லை. 68 வயதுப் பெண். நாள்பட்ட சிறுநீரக நோய் உண்டு. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறலோடு சேர்கிறார். எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பகுதியில் நிமோனியா. நெஞ்சுவலி இல்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. உயர் உணர்திறன் ட்ரோபோனின் டி மூன்று முறை: லிட்டருக்கு 48, 52, 50 நானோகிராம். மேல் வரம்பு 14. ஈசிஜியில் பழையதோடு ஒப்பிட மாற்றம் இல்லை. எக்கோவில் இதயச் சுவர் அசைவு சரி. டிஸ்சார்ஜ் சம்மரியின் தலைப்பில் மட்டும் "நிமோனியா, என்ஸ்டெமி" என்று இருக்கிறது. அதாவது ஒரு வகை மாரடைப்பு.

முழுக் கோப்பையும் மாடலிடம் கொடுத்து "மாரடைப்பா?" என்று நேரடியாகக் கேட்டுப் பார்த்தேன். "ஆம்" என்றது. காரணமும் அழகாகச் சொன்னது: ட்ரோபோனின் வரம்பைவிட மூன்று மடங்குக்கு மேல், மூச்சுத்திணறல், சிகிச்சை அளித்த மருத்துவரே அப்படி எழுதியிருக்கிறார். படிப்பவர் தலையாட்டிவிடுவார்.

சாட்சியமாகப் பிரித்தால் கதை வேறு. மாரடைப்பு என்று சொல்ல ட்ரோபோனின் ஏறியோ இறங்கியோ இருக்க வேண்டும். முதல் அளவே உயர்ந்திருக்கும்போது 20 சதவீதத்துக்குள் ஆடுவதை நிலையான உயர்வு என்றே நான்காவது வரையறை சொல்கிறது. 48-இலிருந்து 52 என்றால் சுமார் 8 சதவீதம்தான். அதற்கு மேல் ரத்த ஓட்டக் குறைவின் அடையாளம் ஒன்றாவது வேண்டும். நெஞ்சுவலி இல்லை, ஈசிஜி மாற்றம் இல்லை, எக்கோவில் எதுவும் இல்லை. மூச்சுத்திணறலுக்கு நிமோனியா இருக்கிறது. ஆக இது சிறுநீரக நோயாளிகளிடம் சாதாரணமாகப் பார்க்கும் நாள்பட்ட இதயத்தசைப் பாதிப்பு. மாரடைப்பு இல்லை.

சம்மரியின் தலைப்பு வரிக்கு மாடல்கள் அளவுக்கு மீறி மரியாதை கொடுக்கும். அதனால் சாட்சியம் எடுக்கும் கட்டத்தில் இறுதி நோயறிதல் வரியை மறைத்துவிட்டே பக்கங்களைக் கொடுக்கிறேன். அதைத் தனிக் கேள்வியாகப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

படி 6: பழைய ஆய்வில் சோதியுங்கள்

ஏற்கெனவே குழு முடிவு செய்த கோப்புகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கில் ப்ராம்ப்ட்டைத் திருத்தித் திருத்திச் செம்மைப்படுத்துங்கள். மற்றப் பங்கைப் பூட்டிவைத்து, எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள். பூட்டிய பங்கை எட்டிப் பார்த்துத் திருத்த ஆரம்பித்தால் அதற்கப்புறம் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

"90 சதவீதம் ஒத்துப்போகிறது" என்று யாராவது சொன்னால் உடனே மகிழாதீர்கள். ஆயிரம் கோப்பில் நூறுதான் உண்மையான நிகழ்வு என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லும் ப்ரோகிராமும் 90 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் கப்பா என்ற அளவில் அதற்குக் கிடைப்பது பூஜ்யம். கப்பா, உணர்திறன் (உண்மையான நிகழ்வுகளில் எத்தனையைப் பிடித்தது), துல்லியத்தன்மை (நிகழ்வு அல்லாதவற்றில் எத்தனையைச் சரியாக ஒதுக்கியது) மூன்றையும் எழுதுங்கள்.

எந்த அளவு வந்தால் போதும்? மனிதர்களே எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். இன்வெஸ்டெட் என்ற ஃப்ளூ தடுப்பூசி ஆய்வில் 1,973 நோயாளிகளின் 4,060 ஆஸ்பத்திரிச் சேர்க்கைகளை ஒரு மொழிச் செயலாக்க மாடலிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இதயச் செயலிழப்பு விஷயத்தில் அது குழுவோடு 87 சதவீதம் ஒத்துப்போனது. இந்த ஆய்வின் கோப்புகளிலேயே பயிற்றுவித்தபின் 93. குழுவின் மருத்துவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போனது 94. கூரையே 94-இல் இருக்கும்போது மாடலிடம் 99 எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. மாடல் தப்பு செய்ததாகத் தெரியும் கோப்புகளில் சிலவற்றை மறுபடி திறந்தால், தப்பு குழுவுடையதாகவும் இருக்கும்.

எந்தத் தவறு அதிகக் கெடுதல் செய்யும் என்பதையும் யோசியுங்கள். இரண்டு பிரிவிலும் ஒரே மாதிரி சில நிகழ்வுகளை மாடல் தவறவிட்டால், எண்ணிக்கை குறையும், ஆய்வின் பலம் குறையும், ஆனால் பிரிவுகளுக்கு இடையேயான விகிதம் பெரிதாகக் கெடாது. இல்லாத நிகழ்வை இருப்பதாகச் சேர்த்தால் அந்தப் போலி நிகழ்வுகள் இரண்டு பக்கமும் சமமாகச் சேர்ந்து உண்மையான வித்தியாசத்தை மழுங்கடித்துவிடும். ஒரு மருந்து இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் ஆய்வில் இது ஆபத்து, ஏனென்றால் மழுங்கினால் கெட்ட மருந்தும் நல்லதாகத் தெரியும். இந்த வகை ஆய்வுகளில் போலி நிகழ்வுகளைக் குறைப்பதற்கே நான் முன்னுரிமை கொடுப்பேன்.

முடிவுகளை நாடு, மொழி, சைட் வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். மொத்தச் சராசரி நன்றாக இருந்து, கையெழுத்துக் காகிதம் அனுப்பும் ஒரு நாட்டில் மட்டும் படுமோசமாக இருக்கும்.

படி 7: குழுவில் மாடலுக்கு எந்த நாற்காலி?

கோப்பைத் தயாரிக்கும் உதவியாளராகத் தொடங்குங்கள். எந்தக் காகிதம் விடுபட்டிருக்கிறது, இரண்டாவது ட்ரோபோனின் எங்கே, ஈசிஜி அறிக்கை எந்தப் பக்கம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், சைட்டிடம் கேட்டு வாங்கும் வாரங்கள் மிச்சமாகும். அடுத்து, சைட் தெரிவிக்காத நிகழ்வுகளைத் தேடும் வேலை. "வயிற்றுவலி" என்று பதிவான சேர்க்கைக்குள் மாரடைப்பு ஒளிந்திருக்கலாம். அதன்பின்தான் இரண்டு பரிசீலகர்களில் ஒருவராக வைப்பதைப் பற்றிப் பேசலாம். தனியாக முடிவெடுக்க விடுவதை இன்றைக்கு நான் ஏற்கமாட்டேன்.

ஒரு ஆய்வில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். மாடலின் கருத்தைத் திரையின் மேலேயே மருத்துவருக்குக் காட்டினோம். இரண்டே வாரத்தில் கருத்து வேறுபாடுகள் திடீரென்று குறைந்தன. தரம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். பழைய கோப்புகளை மாடலின் கருத்து இல்லாமல் மறுபடி கொடுத்தபோதுதான் தெரிந்தது, எல்லோரும் அதன் பின்னாலேயே போயிருந்தார்கள். இப்போது மருத்துவர் தன் முடிவைப் பதிந்து பூட்டிய பிறகே மாடலின் அட்டவணை திறக்கும்.

படி 8: பூட்டுங்கள், பதிவு செய்யுங்கள்

மாடலின் சரியான பதிப்பு, ப்ராம்ப்ட், அமைப்புகள், உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாம் நேர முத்திரையோடு சேமிக்கப்பட வேண்டும். அமெரிக்காவுக்குப் போகும் தரவு என்றால் மின்னணுப் பதிவுகளுக்கான 21 சிஎஃப்ஆர் பாகம் 11 என்ற அந்நாட்டு விதி பொருந்தும். 2025 ஜனவரியில், மருத்துவ ஆய்வுகளை நடத்தும் முறைக்கான சர்வதேச வழிகாட்டுதலான ஐசிஎச் இ6 ஆர்3 இறுதியானது. அதே மாதம், மருந்து அனுமதி முடிவுகளுக்கு ஏஐயைப் பயன்படுத்துவது பற்றி எஃப்டிஏ ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. மாடல் எந்தக் கேள்விக்கு, எந்தச் சூழலில் பயன்படுகிறது என்று முதலில் வரையறுத்து, அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்ற அளவில் அதன் நம்பகத்தன்மையைக் காட்டச் சொல்கிறது. ஏழு படிகள் கொண்ட அந்தச் சட்டகத்தை உங்கள் சார்ட்டருக்குள் அப்படியே எழுதிவையுங்கள். தரவைத் திறப்பதற்கு முன் எழுதியதற்குத்தான் மதிப்பு.

பதில் எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் "வெப்பநிலை" என்ற அமைப்பைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஒரே கோப்புக்கு எப்போதும் ஒரே பதில் வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஐந்து முறை ஓட்டிப் பாருங்கள். பதில் மாறும் கோப்புகள் நேரே மனிதரிடம் போகட்டும். ஆய்வு நடுவில் நிறுவனம் மாடலை மாற்றினால், பூட்டிய சோதனைக் கோப்புகளை மறுபடி ஓட்டாமல் ஒரு கோப்பைக்கூடத் தொடக் கூடாது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், மாடல் "நிகழ்வு இல்லை" என்று ஒதுக்கியவற்றில் பத்தில் ஒன்றைக் குலுக்கல் முறையில் மருத்துவர் பார்க்க வேண்டும்.

படி 9: இறப்புக் கோப்புகள்

இவற்றில் பல நேரம் ஒரு பக்கம்தான் இருக்கும். "காலையில் எழுப்பப் போனபோது அசைவில்லை" என்று மகன் சொன்னதாக ஒரு வரி. பிரேதப் பரிசோதனை இல்லை. வரையறை என்ன சொல்கிறது? யாரும் பார்க்காதபோது நடந்த இறப்பு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் நல்ல நிலையில் உயிரோடு பார்க்கப்பட்டவர், வேறு காரணத்துக்கு ஆதாரம் இல்லை என்றால் திடீர் இதய இறப்பு. ஆக முழு முடிவும் ஒரே தகவலில் தொங்குகிறது: கடைசியாக அவரை யார், எப்போது பார்த்தார்கள்?

இந்தக் கோப்புகளை மாடலிடம் கொடுத்தால், "இரவு நலமாகத் தூங்கப் போனார்" என்று காகிதத்தில் இல்லாத வரியை ஊகத்தில் எழுதிவிடும். வரியைத் தேடும் ப்ரோகிராம் அதைப் பிடித்துவிடும், சரி. ஆனால் விடுபட்ட தகவல் அதனால் கிடைத்துவிடாது. அதற்குக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் சைட்டுக்கு எழுத வேண்டும், சைட் நர்ஸ் அந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். முதல் நாள் இரவு அப்பா சாப்பிட்டாரா, யாரிடம் பேசினார், எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார் என்று அந்த மகனிடம் மெதுவாகக் கேட்க வேண்டும்.